கட்டுகுருந்தவுக்குப் போன வெள்ளை ஸ்டார்லெட்

கலைப்பீடப் பிள்ளைகள் எஞ்சினைப் பற்றிக் கதைத்தால் கன்ரீனில் ஒரு மாதிரித்தான் பார்ப்பார்கள். நியாயம்தான். எங்கள் நாலு பேருக்கும் சேர்த்துச் சொந்தமாக இருப்பது ஒரு ஸ்கூட்டியும் இரண்டு சைக்கிளும். ஆனால் எங்களில் ஒருத்தியின் அண்ணாவுக்கு ஒரு சின்னக் கராஜ் இருக்கிறது. அந்தக் கராஜில் ஒரு வெள்ளை ஸ்டார்லெட் நிற்கிறது. போன வருசம் அந்தக் காரோடு ஒரு சனி, ஞாயிறு கட்டுகுருந்தவுக்குப் போய்வந்தோம். ஓட்டத்துக்குப் போகிறவருக்கு எடுபிடிக்கு ஆட்கள் வேணும், சம்பளம் குடுத்துப் பிடிக்க அண்ணாவிடம் காசில்லை. மூன்று நேரச் சாப்பாட்டுக்கு நாங்கள் ஒத்துக்கொண்டோம்.

கார் ஈபி 82 மொடல் டொயோட்டா. 1331 சிசி எஞ்சின், எங்கள் வயதைவிடக் கூட வயது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியவர்கள் 2025இல்தான் தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் பழைய கார் எல்லாம் நகை மாதிரி ஆகிவிட்டது. பத்து வருசம் ஓடித் தேய்ந்த காரை, வாங்கின விலையைவிடக் கூட விலைக்கு விற்றவர்களை எங்கட ஊரிலேயே தெரியும். இந்த ஸ்டார்லெட்டையும் கேட்டு எத்தனையோ பேர் வந்தார்கள். அண்ணா அந்த நேரம் பார்த்துத்தான் பின் சீற், காப்பெற், கதவு போட் எல்லாத்தையும் கழற்றி, உள்ளே இரும்புக் குழாயில் ஒரு கூண்டு ஒட்டினார். கார் உருண்டால் கூரை தலையில் இறங்காமல் தாங்கிறது அந்தக் கூண்டுதான். ஆனால் கூண்டு ஒட்டின காரைக் குடும்பக் கார் என்று ஆர் வாங்குவான்? அதோடு விலை போச்சு. கழற்றின பின் சீற்றை அம்மா விறாந்தையில் போட்டு அதில் இருந்துதான் நாடகம் பார்க்கிறா.

மொடிஃபை என்றால் டேர்போவும் பெரிய சைலன்சரும் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அவர் முதல் காசு போட்டது பிரேக்குக்கு. பிறகு ஸ்பிரிங், ரயர், உடம்பை இறுக்கிப் பிடிக்கிற சீற், நாலு பக்கத்தால் பூட்டுகிற பெல்ற். எஞ்சினில் பெரிதாகக் கை வைக்கவில்லை. “முதல் நிக்கப் பழகுவம்” என்றார்.

அம்மா காசைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. அவ கேட்டது தியத்தலாவையைப் பற்றி. 2024 ஏப்ரல் 21, பொக்ஸ்ஹில் ஓட்டத்தில் ஒரு கார் தடத்தை விட்டு விலகிப் பார்வையாளர்களுக்குள் போய் 7 பேர் செத்துப்போனார்கள். அதில் ஒரு சிறுமியும். அந்த வீடியோவை நாங்கள் எல்லாருமே ஃபோனில் பார்த்திருக்கிறோம். “ஓடுறவனுக்குத் தலைக்கவசமும் கூண்டும் இருக்கு. பாக்க வந்த சனத்துக்கு என்ன இருந்தது?” என்று அவ கேட்டதுக்கு அண்ணாவிடம் பதிலில்லை, எங்களிடமும் இல்லை. கட்டுகுருந்தவில் இறங்கியதும் நாங்கள் முதலில் போய்ப் பார்த்தது சனம் எங்கே நிற்கிறது, இடையில் என்ன தடுப்பு இருக்கிறது என்றுதான்.

ஸ்டார்லெட்டை லொறியில் ஏற்றிக்கொண்டு வெள்ளி பின்னேரம் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிட்டோம். கட்டுகுருந்த, களுத்துறைக்குத் தெற்கே, கடற்கரைப் பக்கம். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியக் கடற்படை கட்டின விமானத்தளம் அது. உகுஸ்ஸா என்று பெயர் வைத்திருந்தார்கள். சிங்களத்தில் பருந்து. ஓடுபாதை என்பதால் நிலம் தட்டை, மேடு பள்ளம் கிடையாது, காற்று மட்டும் எந்நேரமும். இன்றைக்கு அங்கே இருப்பது விசேட அதிரடிப்படையின் பயிற்சிக் கல்லூரி. எஸ்.ரி.எஃப். என்ற மூன்றெழுத்தை எங்கட வீடுகளில் எந்தக் குரலில் சொல்வார்கள் என்று இதை வாசிக்கிற உங்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இது இந்த ஓர் இடத்துக் கதையும் இல்லை. பொக்ஸ்ஹில் இராணுவக் கல்விக்கழகத்துக்குப் பக்கத்தில், கஜபா சுப்பர்குரொஸ் கஜபா படைப்பிரிவின் சாலியபுர முகாமில். 1934இல் நுவரெலியா மகாகஸ்தோட்டையில் மலையேற்ற ஓட்டம் தொடங்கின நேரம் அது தோட்டத்துரைமாரின் விளையாட்டு. இப்போது பரந்த நிலம் ஆரிடம் இருக்கிறதோ அவர்களின் வேலிக்குள்தான் அனேகமான ஓட்டம். எங்கட பக்கம் பெடியள் வேகமாய் ஓட ஒரு தடம் கிடையாது. ஏ9 இருக்கிறது. அதில் என்ன நடக்கிறது என்று ஒவ்வொரு கிழமையும் மரண அறிவித்தலில் பார்க்கிறோம்.

சனி காலை வாகனப் பரிசோதனை. பற்றரி அசையுதா, ஒயில் எங்கேயாவது கசியுதா, தீயணைப்பான் கைக்கு எட்டுதா, வெளியிலிருந்து கரண்டை வெட்டுகிற சுவிட்ச் வேலை செய்யுதா என்று ஒருவர் கைலைற்றோடு குனிந்து குனிந்து பார்த்தார். எல்லாம் சிங்களத்தில். இரண்டாம் மொழி என்று சிங்களம் படித்துச் சோதனையும் எழுதின நாங்கள் நாலு பேரும் தூண் மாதிரி நின்றோம். பாட்ஸ் கடைக்காரரோடு ஃபோனில் கதைத்தே சிங்களம் பழகின அண்ணா பகிடியும் விட்டுக்கொண்டு நின்றார். சாமானின் பெயர் எல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றுதானே.

பிறகு பயிற்சி ஓட்டம். பிற்றிலிருந்து தடத்துக்கு இறங்குகிற வாசலில் சீருடையோடு நின்ற ஒருவர் ‘போ, போ, கெதியா’ என்று கையை வீசினார். அண்ணா போனார்.

எங்கள் வேலை ரயர்க் காற்றும் கொப்பியும். ஓடி வந்தவுடன் சூட்டில் காற்று விரிந்து அமுக்கம் ஏறியிருக்கும், முன் சில்லில் இன்னும் கூட. காரை இழுக்கிறதும் முன் சில்லு, திருப்புகிறதும் அதே முன் சில்லு, அதுக்குத்தான் இரட்டை வேலை. அளந்து, எழுதி, கொஞ்சம் இறக்கிவிட வேண்டும். ஏழாவது சுற்றில் கார் மெதுவாக உள்ளே வந்தது. பிரேக் பெடல் பஞ்சு மாதிரிப் போகுதாம். பிரேக் ஒயில் காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சும், ஈரம் சேரச் சேரக் கொதிநிலை இறங்கும். திரும்பத் திரும்ப அமத்தின சூட்டில் கொதித்துக் குமிழி வந்தால், கால் அமத்துகிற விசையெல்லாம் குமிழியை நசுக்கிறதிலேயே போய்விடும், சில்லுக்குப் போகாது. இப்ப விளங்குது அவர் ஏன் நிக்கிறதைப் பற்றி அவ்வளவு கதைத்தார் என்று. பக்கத்துக் கூடாரத்துப் பெடியனிடம் டொட் 4 போத்தல் ஒன்று மிச்சமிருந்தது. தந்தான், கடை விலையையும் வாங்கினான். இன நல்லிணக்கம் என்று கட்டுரை எழுத வெளிக்கிட்ட எங்கள் ஆளுக்கு அதோடு அந்த ஆசை போய்விட்டது. பின்னேரம் முழுக்கத் தங்கச்சி பெடலை அமத்த அண்ணா சில்லுக்குக் கீழே கிடந்து எயார் எடுத்தார். “அமத்து… பிடி… விடு.”

ஞாயிறு ஓட்டத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. பதினாலு கார், அண்ணா ஒன்பதாவது. பிரேக் கடைசி மட்டும் பிடித்தது. பெல்ற்றைக் கழற்றி வெளியில் வந்தபோது நெஞ்சில் இரண்டு பக்கமும் சிவப்புத் தடம்.

இரவு லொறி புத்தளத்தைத் தாண்டினபிறகுதான் அவர் வாய் திறந்தார். “உங்களுக்குத் தெரியாது. சின்னனில அப்பாவோட மோட்டச்சைக்கிளில போகேக்க செக்பொயின்ற் கண்டா அப்பா இஞ்சின நிப்பாட்டி இறங்கி உருட்டுவார். நான் பின்னால நடப்பன். யூனிபோம் போட்ட ஒருத்தன் என்னைக் கெதியாப் போ எண்டு கையைக் காட்டினது நேற்றுத்தான்.”

அது சந்தோசமா என்று தங்கச்சி கேட்டாள். “தெரியேல்ல. கிளச்ச விட்டிட்டன்” என்றார்.

வவுனியாவில் தேத்தண்ணிக்கு நிறுத்தினோம். பின்னால் நின்ற காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்த கடைக்காரர், கூண்டை வெட்டி எடுத்துவிட்டுத் தந்தால் என்ன விலைக்கு விடுவீங்கள் என்று கேட்டார். அண்ணா தேத்தண்ணியை ஊதிக் குடித்துக்கொண்டு, முன் பிரேக்குக்குக் காற்றுப் போக ஒரு குழாய் வைக்கிறதென்றால் எந்தப் பக்கத்தால் இழுக்கலாம் என்று எங்கட கொப்பியில் கீறிக்கொண்டிருந்தார்.