ஏரியும் கற்கோயிலும்

பழம்பெருமை வாய்ந்த இடங்களைக் காண்பதற்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. விடியற்காலையில் எழும் ஊக்கமும், கட்டுச்சோறும், இரயில் சீட்டுக்குரிய சிறுபொருளும் இருப்பின் போதும். ஆம்பூரில் தோல் பதனிடும் தொழிலாளர் ஒருவர், இவ்வுண்மையைத் தம் மகளுக்கு உணர்த்தினார்.

உயர்நிலைப் பள்ளியில் பயிலும் அச்சிறுமி, மாயர் என்னும் பழங்குடியினரின் பாழ்நகரங்களைப் பற்றிப் படித்திருந்தாள். மெக்சிகோ நாட்டில் பலெங்கே என்னும் நகரைப் பக்கல் என்ற மன்னன் 615 முதல் 683 வரை ஆண்டான். அவன் கல்லறையைத் தாங்கிய கற்கோயிலும், ஓடைநீரைக் கொண்டு சென்ற கற்கால்வாயும் இன்றும் காட்டினிடையே உள்ளன. பக்கத்து ஊரிலிருந்து பலரும் கூடி ஏறும் சிற்றூர்திகளில் மக்கள் அங்குச் செல்கின்றனர்.

“நாமும் அவற்றைக் காண இயலுமோ, அப்பா?” என்று அவள் ஏக்கத்துடன் வினவினாள்.

“அத்துணைத் தொலைவு செல்ல நம்மால் ஆகாது, அம்மா. ஆனால், அம்மன்னன் காலத்தில் நம் நாட்டை ஆண்ட ஒருவன் குடைவித்த கோயிலுக்கு இரயிலிலேயே சென்று வரலாம்” என்றார் தந்தை. அவ்வூரினரான நண்பர் ஒருவர் அதனைப் பற்றி அவரிடம் கூறியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வைகறையில் இருவரும் ஆம்பூரில் வண்டி ஏறினர். காட்பாடியில் வேறு வண்டி மாறினர். வாலாஜா சாலை நிலையத்தைக் கடந்தபோது, தென்னிந்தியாவின் முதல் பயணியர் இரயில் 1856 ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நாளில் இராயபுரத்திலிருந்து அந்நிலையம் வரை ஓடிற்று என்று மகள் கூறினாள். அப்பழைய தடத்திலேயே சென்று, மகேந்திரவாடி நிலையத்தில் இறங்கினர். வழிப்போக்கரை வினவியவாறு, வயல்களினூடே நடந்து ஊரை அடைந்தனர்.

ஆங்கே ஒரு தனிப்பாறையைக் குடைந்து அமைத்த சிறுகோயில் நின்றது. தூண்கள் மேலும் கீழும் சதுரமாகவும், இடையில் எட்டுப்பட்டையாகவும் விளங்கின. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் திருமாலுக்கு ஆக்கிய கோயில் அது. மகேந்திரபுரத்தில், மகேந்திர தடாகத்தின் கரையில், மகேந்திர விஷ்ணுகிருகம் குடையப்பட்டது என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டுக் கூறுகின்றது. இன்று தொல்லியல் துறையினர் அதனைப் பாதுகாத்து வருகின்றனர்.

மகள் நாற்புறமும் நோக்கினாள். “அப்பா! மகேந்திரபுரம் என்னும் அந்நகரம் எங்கே?” என்றாள்.

தந்தை விடை கூறாது ஏரிக்கரைமீது ஏறினார். மழைக்காலம் கழிந்த பருவமாதலின், நீர் பரந்து கிடந்தது. மாடமும் கோட்டையும் இல்லை, ஏரி இருந்தது. தலைமுறை தலைமுறையாக மக்கள் காத்து வந்தமையால், அந்நீர் இன்றும் வயல்களுக்குப் பாய்கின்றது.

அவர் நெடுநேரம் பேசவில்லை. சுண்ணாம்புத் தொட்டியில் தோல்களைப் புரட்டிப் புரட்டி வெடித்த தம் கைகளைப் பார்த்தார். பின்பு, “நான் சிறுவனாக இருந்தபோது பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டிப் பருகினோம். இன்று நம் வீட்டுக் கிணற்றுநீரை நீ வாயில் வைத்ததில்லை. இத்தொழிலே நமக்குச் சோறிட்டது. உன்னைப் படிக்க வைக்கின்றது. அதனைப் பழிக்க என் நா எழவில்லை. ஆயினும், தோல் கழுவிய நீர் எங்கே செல்கின்றது என்று அந்நாளில் நாங்கள் எவரும் கேட்கவில்லை” என்றார். அவர் குரல் தழுதழுத்தது.

வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைகளைப் பற்றிய வழக்கில், மாசு செய்தவரே அதற்கு ஈடு செய்தல் வேண்டும் என உச்ச நீதிமன்றம் 1996 இல் தீர்ப்பளித்தது. பல தொழிற்சாலைகளின் கழிவுநீரைச் சேர்த்துத் தூய்மை செய்யும் நிலையங்களும் இயங்குகின்றன. எனினும், கெட்ட நிலத்தடிநீர் விரைவில் திருந்துவதன்று.

மாலை வண்டியில் திரும்பும்போது மகள் மெல்லக் கூறினாள்: “அப்பா, நீங்கள் கேட்காத கேள்வியை நான் கேட்பேன்.”

தந்தை அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். மன்னன் தன் பெயரை நகருக்கும் இட்டான், ஏரிக்கும் இட்டான். நகரம் மறைந்தது. பலருக்கும் பயன்பட்ட ஏரியே அவன் பெயரைக் காத்து நிற்கின்றது.