ஊசிக்கு ஒரு பீடம்

பரணில் பழைய இசைத்தட்டுகள் வைத்திருக்கும் சகோதரிகளே! இந்தக் கட்டுரை முக்கியமாக உங்களுக்குத்தான். மற்றவர்களும் படிக்கலாம், ஆட்சேபம் இல்லை. வீட்டில் மிக்ஸி இருந்தால் அவர்களுக்கும் இதில் பிரயோஜனம் உண்டு.

எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மாள் பாடிய வேங்கடேச சுப்ரபாதம் 1963-ல் இசைத்தட்டாக வெளிவந்தது. மதுரையில் பிறந்தவர் பாடிய தட்டு மதுரைச் சீமையில் இல்லாமல் இருக்குமா? ஏழுமலையானின் சுப்ரபாதம் எங்கள் எழுமலை வீட்டிலும் இருக்கிறது. என் மாமியார் ஆசையாக வாங்கியது. வாங்கியவர் இன்று இல்லை. எண்பதைத் தாண்டிய மாமனாருக்கு விடியற்காலையில் அதைக் கேட்டால்தான் காப்பி உள்ளே இறங்கும்.

"கைப்பேசியிலே இதே பாட்டு வருதே, மாமா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"பாட்டு வரும் தாயி. உங்க அத்தை கைபட்ட தட்டு வருமா?" என்றார். அப்புறம் நான் வாயைத் திறப்பேனா?

இந்த நிலையில் ரிக்கார்டு பிளேயரின் மரப்பெட்டியைக் கறையான் அரித்துவிட்டது. அவசரத்துக்கு ஒரு பலகையில் இயந்திரத்தைப் பொருத்தினோம். ஆரம்பித்தது சங்கடம்! ஸ்பீக்கரில் 'உர்ர்' என்று ஓர் உறுமல். பேரன் கூடத்தில் ஓடினால் ஊசி துள்ளியது. ஊசி துள்ளும் ஒவ்வொரு தடவையும் தட்டில் ஒரு கீறல். அதை அழிக்க உலகத்தில் மருந்து கிடையாது.

ஏன் இப்படி? தலைமயிரைவிட மெல்லிய நெளிவுகளைத் தடவிப் பார்த்துப் பாட்டாக்குவது ஊசியின் வேலை. மோட்டாரின் நடுக்கம், காலடி, ஸ்பீக்கரின் அதிர்வு எது வந்தாலும் அதற்குப் பாட்டுதான். போதாக்குறைக்கு, தட்டில் அடிக்குரலை அடக்கிப் பதிந்து, கேட்கும்போது பெருக்கித் தருகிறார்கள். மிகத் தாழ்ந்த ஒலி நடுத்தர ஒலியைவிட ஏறக்குறைய ஒன்பது மடங்கு பெருகும். உறுமலும் அதோடு சேர்ந்து பெருகாமல் என்ன செய்யும்?

ஆகவே நல்ல பீடம் வேண்டும். எதில் செய்வது? சமையல் மேடைக்கு வாங்கியதில் மிஞ்சிய கிரானைட் துண்டு கொல்லையில் கிடந்தது. "கல்லைவிட உறுதி ஏது தாயி?" என்றார் ஆசாரி. எனக்கு மீனாட்சியம்மன் கோயில் இசைத்தூண்கள் ஞாபகத்துக்கு வந்தன. தட்டினால் அந்தக் கல் பாடுகிறதே! கனம் வேறு, அதிர்வை விழுங்குவது வேறு. தேக்குப் பலகையும் அப்படித்தான். விரலால் தட்டினால் கணீரென்று பதில் சொல்கிறது. வீணைக்கு அது வேண்டும். நமக்கு வேண்டியதோ வீணைக்கு நேர் எதிரான மரம்!

வெறும் வெண்கலப் பானையைத் தட்டிப் பாருங்கள். ஓசை ஓயவே ஓயாது. அதில் அரிசியை நிரப்பித் தட்டுங்கள். 'டொக்'. அவ்வளவுதான். அரிசி மணிகள் ஒன்றோடொன்று உரசி, அதிர்வைச் சூடாக்கித் தின்றுவிடுகின்றன. ஒட்டுப்பலகை, ரப்பர், தக்கை, உலர்ந்த மணல் எல்லாம் இந்த ஜாதி.

முடிவில் நாங்கள் செய்தது இதுதான். கிரானைட் துண்டை அடியில் போட்டோம். அதற்குக் கீழே நான்கு மூலையிலும் ரப்பர்க் கட்டைகள். மேலே இரண்டு ஒட்டுப்பலகைகள். நடுவே ரப்பர் விரிப்பு ஒட்டினோம். பலகை வளைய முயலும்போது நடுவிலுள்ள ரப்பர் இழுபட்டு அதிர்வை உறிஞ்சிக்கொள்ளும். ஆசாரி இரண்டையும் சேர்த்து ஆணி அடிக்கச் சுத்தியலைத் தூக்கினார். "ஐயையோ, வேண்டாம்!" என்று தடுத்தேன். ஆணி இரண்டையும் இறுகப் பிடித்துவிட்டால் ரப்பருக்கு அங்கே வேலை ஏது? சுழல்தட்டின் அச்சையும் ஊசிக் கையையும் ஒரே மேல்பலகையில் பொருத்தினோம். அசைந்தால் இரண்டும் சேர்ந்து அசையட்டும். அப்போது ஊசிக்கு அது தெரியாது. மோட்டாரை மட்டும் ரப்பர் வளையங்களில் தொங்கவிட்டோம். ஸ்பீக்கரை வேறு மேஜைக்கு அனுப்பிவிட்டோம்.

பரீட்சை சுலபம். தட்டு சுற்றாமல் நிற்கும்போது ஊசியை வைத்து, ஒலியைக் கூட்டி, பீடத்தை விரலால் தட்டுங்கள். ஸ்பீக்கரில் கேட்பதெல்லாம் ஊசிக்குப் போய்ச் சேரும் திருட்டு ஓசை. பழைய பலகையில் 'டங்' என்று கேட்டது, இப்போது 'தப்' என்று அடங்கிவிடுகிறது. பேரன் குதித்தால் மட்டும் ஊசி இன்னும் கொஞ்சம் மிரள்கிறது. அதற்குச் சுவரில் அறைந்த அலமாரிதான் வழி என்று ஆசாரியிடம் சொல்லியிருக்கிறேன். மிக்ஸிக்கடியிலும் ஒரு ரப்பர் விரிப்பைப் போட்டுப் பாருங்கள். மேடைமேல் பாத்திரங்கள் தாளம் போடுவது குறையும்.

உறுமல் போய்விட்டது. ஆனால் தட்டின் முதல் பக்கத்தில் ஒரு சின்ன 'கிறுக்' இருக்கிறது. எப்போதோ மாமியார் ஊசி வைக்கும்போது கை தவறியது. எந்தப் பீடத்தாலும் அதைப் போக்க முடியாது. அந்த இடம் வரும்போதெல்லாம் மாமனார் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்.