படலைத் திறந்தவர்கள்

குதிரையைப் பற்றி எழுதப் போகிறேன் என்றால் சிரிக்காதீர்கள். தஞ்சாவூர்ச் சீமையில் பிறந்த எனக்கு நன்றாகத் தெரிந்த குதிரை ஒன்றே ஒன்றுதான். எங்கள் ஊர் எல்லையில் ஐயனார் கோயிலில் நிற்கும் மண் குதிரை. ராத்திரி வேளையில் ஐயனார் அதன் மேல் ஏறி ஊரைச் சுற்றிக் காவல் வருவார் என்பார்கள். யார் வயல், யார் வரப்பு என்று அவர் ஒருவரிடமும் அனுமதி கேட்பதில்லை. தெய்வத்துக்கு அந்தச் சௌகரியம் உண்டு.

மனிதர்கள் கேட்டாக வேண்டும் என்பது எனக்கு உறைத்ததே என் மகளால்தான். கலிபோர்னியாவில் இருக்கிறாள். அங்கே நெடுந்தூரக் குதிரைச் சவாரி என்று ஒரு போட்டி பிரமாதமாக நடக்கிறது. 1955-ல் வெண்டல் ரோபி என்பவர் தொடங்கிய டெவிஸ் கோப்பைச் சவாரி இதில் பேர் போனது. தாஹோ ஏரிப் பக்கத்திலிருந்து ஆபர்ன் என்ற ஊர் வரை 100 மைல். 24 மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். நடுநடுவே கால்நடை வைத்தியர்கள் குதிரையின் நாடியைப் பிடித்துப் பார்ப்பார்களாம். குதிரை களைத்திருந்தால், சவாரி செய்கிறவர் எவ்வளவு கெஞ்சினாலும் மேலே விடமாட்டார்கள். பெண்களும் சரிநிகராக ஓட்டி ஜயிக்கிறார்கள் என்று கேட்டபோது எனக்கே கொஞ்சம் ஆசையாக இருந்தது. முழங்கால் வலிதான் தடை!

இதைப் போன்ற சின்னச் சவாரி ஒன்றுக்குக் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டும் தொண்டுக்குப் போயிருந்தாள் மகள். "அம்மா, பாதையில் பாதி தனியார் பண்ணைகள். ஒரு பண்ணைக்காரர் முடியாது என்றால் சவாரியே கிடையாது. அதனால் வருஷா வருஷம் போய்க் கேட்கிறார்கள். கேட் திறந்திருந்தால் திறந்தபடி, சாத்தியிருந்தால் சாத்தியபடி விட்டு வர வேண்டும். முடிந்ததும் நன்றிக் கடிதம் போகிறது" என்று டெலிபோனில் சொன்னாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

நீடாமங்கலத்துக்குக் கிட்ட, நாகப்பட்டினம் போகும் சாலையோரமாக எங்கள் தென்னந்தோப்பு இருக்கிறது. தம்பிதான் பார்த்துக் கொள்கிறான். ஆகஸ்டு கடைசியில் வேளாங்கண்ணியில் கொடியேறும் சமயம், காவித் துணி உடுத்திக் கூட்டம் கூட்டமாக ஜனங்கள் நடந்து போவார்கள். எங்கள் பம்புசெட்டில் குளித்து, தென்னை நிழலில் படுத்து எழுந்து போவது வெகு நாளைய வழக்கம். திருச்சியில் உட்கார்ந்து கொண்டு நான் அதைப் பெருமையாகச் சொல்லிக் கொள்வேன்.

போன வருஷம் தம்பி அங்கிருந்த மூங்கில் படலைப் பிடுங்கிவிட்டு, இரும்பு கேட் போட்டுப் பூட்டி விட்டான்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "நம் அப்பாயி இருந்தால் என்ன சொல்வார்கள், தெரியுமாடா?" என்று கேட்டேன்.

அப்பாயி பிறந்த ஊர் கோவிலடிப் பக்கம். 1930 ஏப்ரல் 13-ம் தேதி ராஜாஜி நூறு தொண்டர்கள் வரை கூட்டிக்கொண்டு, உப்புக் காய்ச்சத் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தாரே, அந்தப் படை போன வழி அது. தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று 150 மைல். பதினைந்து நாள் நடை. ஜில்லா கலெக்டராக இருந்த தார்ன் துரை, இவர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் சிறை என்று எச்சரிக்கை விட்டிருந்தார். படை பட்டினியால் கலைந்து விடும் என்று கணக்கு. ஜனங்கள் என்ன செய்தார்கள்? சோற்றுப் பொட்டலங்களை மரக் கிளைகளில் கட்டித் தொங்கவிட்டு விட்டுப் போய்விட்டார்கள்! மரத்தை யார் கைது செய்வது? கும்பகோணத்தில் பந்துலு ஐயர் ஒளிவு மறைவே வைக்கவில்லை. தம் வீட்டிலேயே வரவேற்று விருந்து வைத்தார்; அதற்காகச் சிறைக்கும் போனார். வேதாரண்யத்தில் துணை நின்ற வேதரத்தினம் பிள்ளையும் சிறை கண்டவர். ராஜாஜி பெயர் எல்லாருக்கும் தெரியும். பொட்டலம் கட்டிய பெண்களின் பெயரை யார் எழுதி வைத்தார்கள்? சோறு வடித்தது அவர்கள்தானே!

இதையெல்லாம் நான் மூச்சு விடாமல் சொன்னேன். தம்பி கேட்டுக் கொண்டிருந்தான்.

"சரிக்கா. அப்பாயி ஊர்க்காரர்கள் தாங்களாக மனசு வந்து கொடுத்தார்கள். என்னை யார் கேட்டார்கள்? போன தடவை படலைத் திறந்து போட்டுவிட்டுப் போனார்கள். ஆடு புகுந்து சம்பா நாற்றங்கால் பாதி போச்சு. மறுபடி விதைத்தேன். உனக்கு மூட்டை அரிசி குறையாமல் வந்தது, அதனால் உனக்குத் தெரியாது."

நான் வாயைத் திறக்கவில்லை. அறுப்பு முடிந்த வயலில் ஆட்டுக் கிடை போட்டால் நிலத்துக்கு எருவாவது மிஞ்சும். நடந்து போகிறவர்களால் அவனுக்கு மிஞ்சியது பிளாஸ்டிக் பையும் உடைந்த குழாயும். இத்தனை வருஷமாக இன்னொருவன் நிலத்தில் நான் தர்மம் செய்து பெருமை அடித்திருக்கிறேன்!

மகளின் டெலிபோன் வந்தது இதற்குப் பிறகு. எங்கள் பக்கத்து வீட்டு அம்மாள் வருஷந்தோறும் நடந்து போகிறவள். அவளிடம் சொன்னேன். "எங்கள் கோஷ்டியிலிருந்து யாராவது போய்க் கேட்கக் கூடாதா என்ன?" என்றாள். அவளும் இன்னும் இருவருமாக ஆடி மாசமே பஸ் ஏறி, வெற்றிலை பாக்குப் பழத்தோடு தம்பி வீட்டுக்குப் போனார்கள். எத்தனை பேர், எந்தத் தேதி, எவ்வளவு நேரம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தம்பி பெண்டாட்டி காப்பி கொடுத்தாளாம். தம்பி அதிகம் பேசவில்லையாம். சாவியை மட்டும் எடுத்து நீட்டி, "போகும்போது எதிர் டீக்கடையில் கொடுத்துடுங்க" என்றானாம்.

அவர்கள் போன அன்று சாயங்காலம் அவனே எனக்குப் போன் செய்தான்.

"கேட்டைப் பூட்டிவிட்டுத்தான் போனார்கள். குப்பையை ஒரு சாக்கில் கட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு கிழவி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக் கொண்டது, அக்கா. எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை."

மற்ற கோஷ்டிகளுக்கு கேட் பூட்டியேதான் இருந்ததாம். அதைப் பற்றி நான் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் சாலைப் பக்கமாக, கேட்டுக்கு வெளியே, ஒரு குழாய் இழுத்துக் கொடுத்திருப்பதாகத் தம்பி பெண்டாட்டி சொன்னாள்.