கண் பெரிய வலை

சின்னப் படகுக்காரனின் வரவு செலவு வலை வாங்கும்போதே பாதி முடிவாகிவிடும். கண்ணை இழுத்து நீட்டி, முடிச்சுக்கு முடிச்சு அளந்துதான் வாங்குவோம். செவுள் வலைக்குள் தலையை நுழைத்த மீன், உடம்பு பெருத்த இடத்தில் இறுகி நிற்கும். பின்வாங்கினால் நூல் செவுளில் மாட்டிக்கொள்ளும். குஞ்சு புகுந்து ஓடிவிடும், ரொம்பப் பெரியது முட்டித் திரும்பிவிடும். அதனால் மத்திக்கு ஒரு வலை, காணாங்கெளுத்திக்கு ஒன்று, வஞ்சிரத்துக்கு ஒன்று என்று வீட்டில் தனித்தனியாக வைத்திருக்கிறோம்.

கண் சின்னதாக இருந்தால் நிறைய விழுமே என்று கேட்பார்கள். விழும். ஆனால் குஞ்சு மீன் தீவன ஆலைக்கு அடிமாட்டு விலைக்குத்தான் போகும். அதுவே வளர்ந்து வந்தால் சங்கராவுக்கும் பாறைக்கும் ஏலத்தில் ஆள் அடித்துக்கொள்வான்.

மீன் விற்ற பணத்தில் முதலில் எண்ணெய்ச் செலவைக் கழிக்கிறோம். மிச்சத்தில் படகுக்கும் வலைக்கும் பங்கு, ஏறிய ஆட்களுக்குப் பங்கு. மீனைத் தேடித் தூரம் அலைந்தால் பங்கை எண்ணெயே தின்றுவிடும். கரையோரத்தில் மீன் இருக்கும்வரைதான் இந்தத் தொழில்.

அந்தக் கரையே புதுச்சேரியில் சுருங்கிவிட்டது. 1980-களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர் கட்டினார்கள். வருஷத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அங்கே தேங்கியது. வடக்கே இருந்த எங்கள் கடற்கரையைக் கடல் தின்றது. மாசி மகத்துக்குச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வரும் வைத்திக்குப்பத்திலேயே கரையில் பாறாங்கல் கொட்ட வேண்டியதாயிற்று. படகு ஏற்றும் மணல் குறைந்துபோனது.

கடலுக்குள்ளே சுருக்குவலைத் தகராறு. கூட்டத்தையே வளைத்து அடியை இறுக்கும் அந்த வலையில் பெரிசு சிறிசு எல்லாம் சேர்ந்தே ஏறும். தமிழ்நாட்டில் 2000-லேயே தடை வந்தது. 2023-இல் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால், வாரம் இரண்டு நாள் மட்டும் இடைக்கால அனுமதி கொடுத்தது. இங்கே 2021-இல் வீராம்பட்டினத்துக்காரர்களும் நல்லவாட்டுக்காரர்களும் இந்த வலைக்காக மோதிக்கொண்டார்கள். அந்த வலை போட்டவனும் கடன் வாங்கித்தான் போட்டிருக்கிறான். அவனை எதிரியாகப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளை நிறுத்தி மீனை முட்டையிட விட்டுவிட்டு, பிறகு குஞ்சோடு வாரினால் அந்தத் தடைக்காலத்துக்கு என்ன பலன்?

என் வீட்டுக்காரி கூபேர் மார்க்கெட்டில் கூடை போடுகிறாள். வாங்க வருகிறவர்களிடம் பேச்சே கிடையாது. செவுளைத் தூக்கிக் காட்டுவாள், உள்ளே ரத்தச் சிவப்பாக இருக்கும். பல நாள் ஐஸில் கிடந்து வரும் பெரிய படகு மீனோடு அளவில் எங்களால் போட்டி போட முடியாது. விடியலில் ஏறியதை அன்று காலையே விற்பது ஒன்றுதான் எங்கள் பலம். கூப்பிடு தூரத்தில் மீனை விட்டுவைத்தால்தான் அது நடக்கும்.