ஜோப்பா ஃபிளாட்ஸும் நாங்கள் கட்டிய ஃபிளையும்

பாஸ்டனிலிருந்து வடக்கே சுமார் ஒரு மணி நேரம் ஓட்டினால் நியூபரிபோர்ட். மெரிமேக் ஆறு அட்லாண்டிக்கில் கலக்கும் ஊர். ஊரை ஒட்டி ஜோப்பா ஃபிளாட்ஸ் என்று பெரிய சேற்றுத் திட்டு. கடல் வற்றினால் அங்கே பறவைகள் நடக்கும். கடல் ஏறினால் அதே இடத்தில் ஸ்ட்ரைப்டு பாஸ் மேயும். உடம்பில் நீளவாக்கில் கறுப்புக் கோடு போட்ட மீன். செசபீக் விரிகுடா, ஹட்சன் ஆறு பக்கம் முட்டையிட்டுவிட்டு, மே மாதம் சின்ன மீன்களைத் துரத்திக்கொண்டு இங்கே வந்து சேரும்.

போன ஜூனில் நானும் என் ஒன்பது வயது மகளும் அங்கே போனோம். ஆனால் கதை ஆரம்பித்தது பிப்ரவரியில், எங்க வீட்டு டைனிங் டேபிளில்.

வெளியே பனி. நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். உங்கள் வீட்டிலும் இதே கதையாக இருக்கலாம். அதட்டியும் பார்த்தாச்சு, கெஞ்சியும் பார்த்தாச்சு. ஃபிளை கட்ட உட்கார்ந்தது அதற்காக இல்லை. கடையில் வாங்கினதெல்லாம் பாறையில் மாட்டி அறுந்து போச்சு, செலவு கட்டுப்படியாகல. அவள் சும்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஃபிளை என்றதும் பூச்சிதான் ஞாபகம் வரும். ஆற்று மீனுக்குக் கட்டுவது பெரும்பாலும் அப்படித்தான். கடலுக்குக் கட்டுவது குட்டி மீன் மாதிரி இருக்கணும். புதுசா ஆரம்பிப்பவர்களுக்கு கிளௌசர் மின்னோ நல்லது. பென்சில்வேனியாக்காரர் பாப் கிளௌசர் 1980களில் ஆற்று மீனுக்காகக் கட்டியது. இன்று கடலிலும் அதுதான் ஓடுகிறது.

வேண்டியவை குறைவு: ஹூக்கைப் பிடிக்க ஒரு சின்ன வைஸ், நூல், பாபின், 1/0 அளவு ஸ்டெயின்லெஸ் ஹூக் (ஆற்று ஹூக் உப்பில் துருப்பிடிக்கும்), டம்பெல் வடிவ உலோகக் கண்கள், வெள்ளையிலும் கிளிப்பச்சையிலும் மான்வால் ரோமம், கொஞ்சம் மினுமினுப்பு இழை.

முதலில் நூலைச் சுற்றி, ஹூக்கின் வளையத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, கண்களை எட்டு வடிவத்தில் இறுக்கிக் கட்டுங்கள். அதே பக்கம் வெள்ளை ரோமம். பிறகு ஹூக்கைத் திருப்பி, இழையும் பச்சை ரோமமும். கண்ணின் எடையால் தண்ணீரில் ஹூக் தலைகீழாகப் புரண்டு, முனை மேலே நிற்கும். அடியில் அதிகம் மாட்டாது. கடைசியில் முடிச்சு, மேலே நெயில் பாலிஷ்.

நாங்கள் செய்த தப்பு இரண்டு. ரோமத்தை அள்ளி வைத்தோம். ஃபிளை பெயிண்ட் பிரஷ் மாதிரி மிதந்தது. பென்சில் பாதி தடிமன் போதும். வளையத்துக்குப் பக்கத்தில் இடமே விடவில்லை. முடிச்சுப் போட வழியில்லை.

இரண்டு பேர் சேர்ந்து கட்டும்போது பேச்சு சின்னச் சின்ன வார்த்தையாகிவிடும். சுத்து. இறுக்கு. விடாதே. இழு. கை வேலையாக இருக்கும்போது அவள் மொழிபெயர்க்க நேரமில்லை. மார்ச் முடிவதற்குள், "அப்பா, நூலை விடாதே" என்று எனக்கே சொல்ல ஆரம்பித்தாள். நான் பாராட்டவில்லை. பாராட்டினால் நின்றுவிடும் என்று பயம்.

ஜூனில் முதல் நாள் அவள் கட்டிய ஃபிளை மூன்றாவது வீச்சிலேயே பிரிந்து போச்சு. காரில் அழுதாள். வீட்டுக்கு வந்ததும் தானே வைஸ் முன்னால் உட்கார்ந்து இன்னொன்று கட்டினாள்.

அடுத்த வாரம் கடல் ஏற ஆரம்பித்ததும் முழங்கால் தண்ணீரில் நின்றோம். (போகும் முன் கடல் ஏறும் நேரத்தைப் பாருங்கள், தண்ணீர் பின்னாலிருந்து சூழும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம், ஹூக்கின் முள்ளை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். மாசசூசெட்ஸில் 16 வயது ஆனவர்களுக்கு பெர்மிட்டும் வேண்டும்.) நான் வீசினேன், அவள் லைனைப் பிடித்து இழுத்தாள். சட்டென்று லைன் விறைத்தது.

"அப்பா! இழுக்குது! இழுக்குது!"

என் முழங்கை நீளம்கூட இல்லாத மீன். ஈரக் கையால் பிடித்து, ஹூக்கைக் கழற்றி, தண்ணீரில் விட்டோம். ஃபிளையில் பச்சை ரோமம் பாதி போயிருந்தது. முடிச்சு மட்டும் அப்படியே இருந்தது.