வாஷிங் மெஷின் சொல்லித் தந்தது

வண்டி, டயர், நட்டு, போல்ட்டு என்றாலே "ஆம்பிளைங்க சமாசாரம்" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! போன ஐப்பசி வரை நானும் அப்படித்தான் இருந்தேன்.

எங்களுக்குக் கம்பம். என் கணவர் சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி வைத்து ஓட்டுகிறார். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டித் தோட்டங்களில் பன்னீர் திராட்சை ஏற்றித் தேனிக்கும் மதுரைக்கும் கொண்டு போவார். சில நாள் குமுளி மலை ஏறிக் கேரளத்துக்கும் போவதுண்டு. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பழம் இது. பேருக்குக் குறைவில்லை. ஆனால் குலையிலிருந்து உதிர்ந்துவிட்டால் விலை போகாது.

அந்த ஐப்பசி மழையில் இரண்டு தொல்லைகள் சேர்ந்து வந்தன. பெட்டியில் பழம் உதிர்ந்து கிடக்கிறது என்று வியாபாரி பணத்தில் பிடித்துக்கொண்டார். இன்னொன்று, இரவு வீடு திரும்பும்போது அவருக்கு இரண்டு உள்ளங்கையும் மரத்துப் போயிருக்கும். வாயுவாக இருக்கும் என்று நல்லெண்ணெயைச் சூடு பண்ணித் தேய்த்து விடுவேன். இரண்டுக்கும் ஒரே காரணம் என்று யார் கண்டது!

என் மகள் அப்போது ஏழு மாதம். தேனியில் டாக்டரம்மாவிடம் காட்ட வேண்டியிருந்தது. பஸ்ஸில் கூட்டமாக இருக்குமே என்று நம் வண்டியிலேயே கிளம்பினோம். உத்தமபாளையம் தாண்டி நல்ல ரோட்டில் வேகம் 60-ஐத் தொட்டதும் ஸ்டியரிங் கிடுகிடுவென்று நடுங்க ஆரம்பித்தது. மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, அப்பாவை மெதுவாப் போகச் சொல்லும்மா" என்றாள்.

"ஏங்க, ஏன் இப்படி நடுங்குது?"

"ரோடு அப்படி."

"ரோடு வழுவழுன்னுதானே இருக்கு?"

"பஞ்சர் ஒட்டினதுலேருந்து ஒரு மாசமா இப்படித்தான். லோடு வண்டின்னா ஆடத்தான் செய்யும். உனக்கென்ன தெரியும், சும்மா இரு."

சும்மா இருந்தேன். ஆனால் கவனித்துக்கொண்டே வந்தேன். 50-க்கு இறங்கினால் நடுக்கம் இல்லை. 60-க்குப் போனால் வந்துவிடுகிறது. அப்படியானால் ரோட்டின் மேல் எப்படிப் பழி போடுவது?

மறுநாள் வாஷிங் மெஷினில் போர்வை துவைத்தேன். பிழியும் நேரத்தில் மெஷின் தடதடவென்று குதித்தது. மூடியைத் திறந்து பார்த்தால், ஈரப் போர்வை சுருண்டு ஒரே பக்கமாகக் கிடந்தது. பிரித்துச் சுற்றிலும் பரப்பி விட்டேன். சத்தம் அடங்கிவிட்டது. சட்டென்று பொறி தட்டியது எனக்கு. மெதுவாகச் சுற்றும்போது ஆடாதது வேகத்தில் ஆடுகிறதென்றால், ஒரு பக்கம் கனம்!

அன்று ராத்திரி எண்ணெய் தேய்க்கும்போது மெல்லச் சொன்னேன். சிரித்தார். "நாளைக்குக் குமுளி லோடு. மலை ஏறுறதுக்கு முன்னாடி ஒரு எட்டு காட்டிட்டுப் போங்க. காட்டாம பிள்ளையை இனிமே அந்த வண்டியில ஏத்த மாட்டேன்" என்று சீட்டுப் பணத்தை எடுத்து வைத்தேன். அவர் பதில் பேசவில்லை.

காலையில் வீல் பாலன்சிங் மெஷின் உள்ள டயர் கடைக்கு நானும் கூடவே போனேன். முன்பக்க இடது சக்கரத்தைக் கழற்றப் போன தம்பி, "அக்கா, இங்கே பாருங்க" என்றான். இரண்டு நட்டுகள் கையாலேயே திரும்பின! இவர் முகம் வெளிறிவிட்டது. மலையிறக்கத்தில் சக்கரம் கழன்றிருந்தால்? நினைக்கவே குலை நடுங்கியது.

சக்கரத்தின் உட்புறம் தோட்டத்துச் சேறு காய்ந்து அப்பியிருந்தது. ரிம் விளிம்பில் ஓரிடம் மட்டும் பளிச்சென்று சுத்தமாக இருந்தது. எடை சமமாக இருக்கக் கம்பெனியில் மாட்டிய சின்ன ஈயக்கட்டி விழுந்துபோன தடம் அது. சேற்றைச் சுரண்டிவிட்டு மெஷினில் மாட்டிச் சுற்றியதும் 55 என்று காட்டியது. 55 கிராம்! ஒரு கைப்பிடி அரிசி இருக்குமா? அந்த எடைக்கு ஈயக்கட்டி அடித்து மறுபடி சுற்றினதும் பூஜ்யம் வந்தது.

பாலிடெக்னிக் படிக்கும் என் மகன் கணக்குப் போட்டுக் காட்டினான். 80 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்குப் பத்துச் சுற்று சுற்றுமாம். அப்போது அந்த 55 கிராம் நாலு கிலோவுக்கு மேல் கனத்தோடு இழுக்குமாம். வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நாலு மடங்கு! கை மரத்ததும் பழம் உதிர்ந்ததும் ஏன் என்று அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது.

வீட்டில் வண்டி வைத்திருக்கும் சகோதரிகளுக்கு, நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். ஸ்டியரிங் நடுங்கினால் பெரும்பாலும் முன் சக்கரம். உட்காரும் சீட் அதிர்ந்தால் பின் சக்கரம். பிரேக் போடும்போது மட்டும் ஆடினால் பிரேக்கைப் பார்க்க வேண்டும். வண்டி ஒரு பக்கமாக இழுத்தாலோ, டயர் ஓரம் மட்டும் தேய்ந்தாலோ அது அலைன்மென்ட் கோளாறு. பாலன்சிங் செய்து பிரயோஜனமில்லை. பாலன்சிங் செய்த பிறகும் ஆட்டம் நிற்காவிட்டால் ரிம் வளைந்திருக்கலாம், பேரிங் போயிருக்கலாம். டயர் எங்காவது புடைத்திருந்தால் உடனே மாற்றிவிட வேண்டும்.

பஞ்சர் ஒட்டக் கழற்றும்போது டயரிலும் ரிம்மிலும் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொண்டு, அதே இடத்தில் மாட்டச் சொல்லுங்கள். நட்டுகளை வரிசையாக இல்லாமல் எதிரெதிராக முடுக்க வேண்டும். ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னொரு முறை முடுக்கிப் பார்ப்பது அவசியம். காற்றை, வண்டி ஓடிச் சூடேறுவதற்கு முன் காலையில் பார்ப்பதே சரி.

கை மரப்பையும் நாங்கள் அலட்சியமாக விடவில்லை. சர்க்கரையாலும் அப்படி வரும் என்பதால் டாக்டரிடம் காட்டி ரத்தம் பரிசோதித்தோம். சர்க்கரை இல்லை. சில வாரங்களில் மரப்பும் விட்டுப் போயிற்று.

தை மாதம் பேத்தி பிறந்தாள். தேனியிலிருந்து அதே வண்டியில்தான் அழைத்து வந்தோம். கம்பம் வரும்வரை குழந்தை கண் திறக்கவில்லை.

இப்போதெல்லாம் வண்டியில் சின்ன வேலை பார்த்தாலும் இவர் வாசலில் நின்று கூப்பிடுகிறார்: "கொஞ்ச தூரம் ஏறி வா புள்ளே, ஏதாவது சத்தம் கேட்குதான்னு சொல்லு!"