கடலுக்குள் ஒரு பங்காளி

பொள்ளாச்சியில் தேங்காய் உண்டு, மாட்டுச் சந்தை உண்டு, பக்கத்திலேயே ஆழியாறு அணை உண்டு. இல்லாதது கடல் மட்டும்தான். பாலக்காட்டைத் தாண்டி, மொத்தம் நூறு கிலோமீட்டருக்கு மேல் போனால்தான் அலைச் சத்தம் கேட்கும். அதனால் விலங்கியல் படிக்கிற எங்களுக்கு நட்சத்திர மீன் என்றால், லேப் பாட்டிலில் பார்மலினுக்குள் வெளுத்துப் போய்க் கிடக்கிற ஒரு பொருள். பிராக்டிகல் தேர்வில் பெயரும் இரண்டு பாயிண்டும் எழுதினால் மார்க். அத்தோடு உறவு முடிந்தது.

ஆனால் நண்பர்களே, இந்தக் கூட்டத்துக்கும் நமக்கும் உள்ள உறவு மார்க்கோடு முடிகிறதல்ல. கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்குங்க :)

முதலில் குடும்ப அறிமுகம். நட்சத்திர மீன் (பேர்தான் மீன், செதிலும் கிடையாது துடுப்பும் கிடையாது), நொறுங்கு நட்சத்திரம், கடல் முள்ளெலி, கடல் அல்லி, கடல் வெள்ளரி. இந்த ஐந்துக்கும் சேர்த்து முட்தோலிகள் என்று பெயர். இன்று உயிரோடு இருப்பவை சுமார் 7,000 இனங்கள். அதில் ஒன்றுகூட ஆற்றிலோ குளத்திலோ கிடையாது. உடம்புக்குள் ஓடுவது ஏறக்குறைய கடல் தண்ணீரேதான். உப்பைக் கூட்டிக் குறைக்க நம் சிறுநீரகம் மாதிரி உறுப்பு எதுவும் இல்லை. நல்ல தண்ணீரில் விட்டால் கதை முடிந்தது. ஆக ஆழியாறு அணையில் என்றைக்கும் நட்சத்திர மீன் வரப்போவதில்லை!

இது நடக்கிற விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. நம்ம பக்கத்துத் தோப்புகளில் போட்டிருக்கிற சொட்டுநீர்ப் பாசனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஃபில்டர், அப்புறம் மெயின் பைப், அதிலிருந்து பிரிகிற லைன்கள், கடைசியில் சொட்டுவான். நட்சத்திர மீனின் முதுகிலும் சல்லடை மாதிரி ஒரு தட்டு இருக்கிறது. அதன் வழியாகக் கடல் தண்ணீர் இறங்கி, வாயைச் சுற்றியுள்ள வளையக் குழாய்க்கு வந்து, கைக்கு ஒன்றாகப் பிரிகிறது. ஒவ்வொரு லைனிலும் வரிசையாகக் குட்டிக் குட்டிக் குழாய்க்கால்கள். மேலே உள்ள பை சுருங்கினால் தண்ணீர் இறங்கி கால் நீளும், கால் சுருங்கினால் தண்ணீர் திரும்பப் பைக்குப் போகும். இந்தக் கால்களை வைத்துத்தான் சிப்பியைப் பிடித்து விடாமல் இழுக்கும். லேசாக வாய் திறந்தால் போதும், தன் இரைப்பையையே வெளியே தள்ளி ஓட்டுக்குள் விட்டு, அங்கேயே ஜீரணம் பண்ணிவிடும். கை கழுவுகிற வேலைகூட இல்லை.

மூளை? அதுவும் கிடையாது. 2023-இல் நேச்சர் இதழில் வந்த ஒரு ஆய்வில், மற்ற விலங்குகளில் தலைப்பகுதியை உருவாக்கும் ஜீன்கள் நட்சத்திர மீனின் உடம்பு முழுக்க வேலை செய்வதைக் கண்டுபிடித்தார்கள். நடு உடம்புக்கான ஜீன்களின் வேலையை அதன் தோலில் காணவே காணோம். மூளையே இல்லாத ஆளுக்கு உடம்பெல்லாம் தலை!

சரி, பங்காளி விஷயத்துக்கு வருவோம். பூச்சி, நண்டு, மண்புழு, நத்தை இவற்றின் கருவில் முதலில் உண்டாகும் துளை பெரும்பாலும் வாய்ப் பக்கம் சேரும். நமக்கும் முட்தோலிகளுக்கும் அந்தத் துளை இருக்கும் இடம் பின்பக்கம். வாய் அப்புறமாகத்தான் வருகிறது (சிரிக்காதீங்க, பாடத்திலேயே இருக்கு). ஜீன்களைப் பார்த்தாலும் அதே கதைதான். கண்ணும் மூளையும் உள்ள ஆக்டோபஸ் நமக்குத் தூரத்துச் சொந்தம், கண்டால் கல் மாதிரி கிடக்கிற கடல் முள்ளெலி கிட்டத்துப் பங்காளி. அதன் லார்வா நம்மைப் போலவே இடம் வலம் என்று இரண்டு பக்கம் சமமாகத்தான் நீந்தித் திரியும். வளரும்போதுதான் ஐந்தாக மாறும்.

இந்தப் பங்காளியிடம் நாம் வாங்கிய கடனும் கொஞ்சமில்லை. 1882-இல் மெட்ச்னிகாஃப் என்ற ரஷ்ய விஞ்ஞானி, இத்தாலியின் மெஸ்ஸினாவில் நட்சத்திர மீன் லார்வாவுக்குள் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் முள்ளைச் சுற்றி செல்கள் மொய்த்திருந்தன. நம் வெள்ளை அணுக்கள் கிருமியை விழுங்குவதைப் புரிந்துகொண்டது இப்படித்தான். 1908-இல் அவருக்கு நோபல் பரிசு. செல் எப்போது பிரிய வேண்டும் என்று சொல்கிற சைக்ளின் புரதத்தை 1982-இல் டிம் ஹன்ட் கண்டுபிடித்தது கடல் முள்ளெலி முட்டையில். அதற்கு 2001-இல் நோபல். புற்றுநோய் ஆராய்ச்சியில் சைக்ளின் இல்லாமல் இன்று பேச்சே இல்லை.

இதெல்லாம் எனக்கு வெறும் பாடமாகத்தான் இருந்தது, ரூம்மேட் வருகிற வரைக்கும். அவன் ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர்க்காரன். கடல் வெள்ளரியைப் படம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்துவிட்டு, "டேய், இது எங்க ஊரு அட்டைடா. இதப் பிடிச்சா உள்ள போட்ருவாங்க" என்றான்.

கடல் அட்டையை நம் ஊரில் யாரும் சாப்பிடுவதில்லை. குடலை எடுத்து, வேகவைத்து, மணலில் புதைத்து, காயவைத்து, சீனர்கள் வாழும் நாடுகளுக்கு அனுப்புவார்கள். மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் தலைமுறை தலைமுறையாக நடந்த தொழில். 1982-இல் சின்ன அட்டைகளின் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. 2001-இல் எல்லாக் கடல் அட்டைகளையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். அதாவது, நம்ம ஆனைமலைக் காட்டுப் புலி இருந்த அதே பட்டியலில்!

அவன் அப்பா ஒருமுறை ஹாஸ்டலுக்கு வந்திருந்தார். மூச்சடக்கி மூழ்கி அட்டை எடுத்தவர். "ஏனுங்கப்பா, தடைக்கு முன்னாடியே அட்டை குறைஞ்சு போச்சுங்களா?" என்று கேட்டேன்.

"குறைஞ்சது நெசந்தான் தம்பி. மொதல்ல இடுப்பளவு தண்ணியில கெடந்துச்சு. பொறவு மூணு பாகம், நாலு பாகம் போக வேண்டியதாப் போச்சு. பிடிக்காதேன்னாங்க, சரி. பதிலுக்கு எதப் பிடிக்கன்னு யாருமே சொல்லலியே."

எனக்குப் பதில் வரவில்லை.

தடைக்கு உயிரியல் ரீதியாக நியாயம் இருக்கிறது. அட்டை ஓடி ஒளியாது, குனிந்து எடுத்தால் வந்துவிடும். ஆணும் பெண்ணும் விந்தையும் முட்டையையும் தண்ணீரில் விட்டுவிடும், அவை அங்கே சந்திக்க வேண்டும். அட்டைகள் தள்ளித் தள்ளி இருந்தால் சந்திப்பே நடக்காது. நாலு மிச்சம் இருந்தாலும் இல்லாத மாதிரிதான். மண்புழு நம் தோட்டத்தில் செய்கிற வேலையை அட்டை கடலடியில் செய்கிறது. மணலை விழுங்கி, அதிலுள்ள அழுக்கைத் தின்று, சுத்தமாக வெளியே விடுகிறது. அதை இழந்தால் கடலடி மண்ணும் கெடும்.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. வெள்ளை அட்டைக் குஞ்சுகளைப் பொரிக்க வைக்கும் முறையை 1988-இலேயே தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் சாதித்துவிட்டார்கள். அந்தக் கரையில், யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும், அட்டைப் பண்ணைகள் இருக்கின்றன. அங்கே லைசென்ஸோடு விற்கிற பொருள் இங்கே கடத்தல் சரக்கு. அந்தப் பண்ணைகளால் சிறு மீனவர்களுக்கு இடம் போகிறது என்று அங்கேயும் எதிர்ப்பு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். லட்சத்தீவில் 2020-இல் கடல் அட்டைக்கென்றே ஒரு காப்பகம் அறிவித்தார்கள்.

என் கருத்து இதுதான். காட்டு அட்டைக்குத் தடை இருக்கட்டும். ஆனால் குஞ்சு பொரித்துக் கடலில் விடுகிற வேலையையாவது அந்த மூழ்காளிக் குடும்பங்களிடம் சம்பளத்தோடு கொடுக்கலாம். எந்த இடத்தில் எந்த அட்டை கிடக்கும் என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்? எண்ணிக்கை திரும்பி வருகிறதா என்று வருடா வருடம் கணக்கெடுக்கவும் அவர்களே பொருத்தமான ஆட்கள். புலியைக் காக்கக் காட்டில் பழங்குடியினரை வேட்டைத் தடுப்புக் காவலர்களாக வைத்திருக்கிறோமே, கடலுக்கு மட்டும் ஏன் கூடாது?

கடற்கரை ஊர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் பக்கத்து நிலவரத்தைச் சொல்லுங்கள். இதில் நீங்கள்தான் எனக்கு வாத்தியார்.